ஆற்றிலிருந்து வந்த கூச்ச மீன் தொட்டியில் சாப்பிட மறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி இது. ஆற்றில் பிடித்து இறக்குமதியான லெப்பர்ட் புஷ்ஃபிஷ் ஒன்று, 7 செ.மீ. நீளம், தொட்டிக்கு வந்து 9 நாள் ஆகிறது. பகல் முழுக்க ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உலர் தீனி உருண்டையை, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உறைந்த ரத்தப்புழுவை ஒருமுறை வாயில் வாங்கித் துப்பிவிட்டது. தொட்டி 80 செ.மீ. நீளம், சுமார் 110 லிட்டர், மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருப்பது. வெள்ளை மணல், ஒரு கல் குகை, இரண்டு பிளாஸ்டிக் செடி, நாளுக்கு 10 மணி நேரம் எரியும் எல்ஈடி விளக்கு, கூடவே 6 டைகர் பார்ப். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், பிஹெச் 7.6, வெப்பம் 26 டிகிரி. வேறு உணவு வாங்க வேண்டுமா, மருந்து போட வேண்டுமா, இல்லை கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

திருப்பிக் கொடுக்க வேண்டாம். இன்னொரு முறை வலை, இன்னொரு பை, இன்னொரு தொட்டி என்று போனால் அந்த மீன் பிழைக்கும் வாய்ப்பு குறையும். மருந்தும் இப்போது வேண்டாம். உணவைப் பற்றிக் கடைசியில் பேசுவோம், ஏனென்றால் உங்கள் மீனுக்கு இப்போது இருப்பது உணவுப் பிரச்சினை இல்லை. அது பயந்துபோயிருக்கிறது. பயம் தீராத மீனுக்கு முன்னால் உலகத்திலேயே சிறந்த உணவை வைத்தாலும் அது வாயைத் திறக்காது. எனவே வேலையைத் தொட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்த மீன் உங்களிடம் வந்து சேருமுன் என்னவெல்லாம் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றில் வலையில் சிக்கியிருக்கும். பிடித்தவரிடம் ஒரு தொட்டி, ஏற்றுமதி செய்பவரிடம் ஒரு தொட்டி, பிறகு பையில் நெடும் பயணம், இறக்குமதி செய்தவரிடம் ஒன்று, கடையில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் நீரின் உப்புச்சத்து வேறு, பிஹெச் வேறு, வெளிச்சம் வேறு. பயணத்தில் பை நீர் கெடக்கூடாது என்பதற்காக ஏற்றுமதிக்கு முன் மீனைப் பட்டினி போடுவதும் வழக்கம். இத்தனைக்கும் நடுவில் அது சரியாகச் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. ஆக, நீங்கள் பார்த்த 9 நாளைவிட அதன் பட்டினி நீளமானதாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்து எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பதும் தெளிவானதுதான். ஆபத்து என்று உணர்ந்ததும் மீனின் மூளையில் ஒரு ஹார்மோன் சுரந்து, அதன் தூண்டுதலால் உடலில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது. மூளையில் சுரக்கும் அந்த முதல் ஹார்மோனே பசியையும் அடக்கிவிடும். ஓடி ஒளிய வேண்டிய நேரத்தில் இரை தேடிக்கொண்டிருந்தால் உயிர் தப்பாது என்பதால் இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. கார்ட்டிசால் பல நாள் இறங்காமலே இருந்தால் நோய் எதிர்ப்பு குறைகிறது. உடலில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணி அப்போது தலைதூக்கும். புதிதாக வந்த மீன்கள் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திடீரென்று நோயில் விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி உங்கள் மீனைப் பற்றி. லெப்பர்ட் புஷ்ஃபிஷ் காங்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் டெனோபோமா அக்யூட்டிரோஸ்ட்ரே, 1899-இல் பெலெக்ரின் விவரித்தது. நம் பனையேறிக் கெண்டையும் இதுவும் ஒரே குடும்பம். பனையேறியைப் போலவே இதுவும் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். திடீரென்று மேலே வந்து காற்று குடிப்பதைப் பார்த்து மூச்சு முட்டுகிறதோ என்று பயப்படாதீர்கள். மேலேயே நின்றுகொண்டு செவுள் படபடக்க மூச்சு வாங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

இது பதுங்கிப் பிடிக்கும் மீன். உலர்ந்த இலை போன்ற உடல், புள்ளிகள், பெரிய கண்கள், எதிர்பாராத அளவுக்கு முன்னால் நீளும் வாய். தலையைச் சற்றுத் தாழ்த்தி, இலை மிதந்து வருவதுபோல் மெல்ல நகர்ந்து, இரை அருகில் வந்ததும் ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். அந்தி வேளையிலும் இரவிலும்தான் சுறுசுறுப்பு. இப்படி ஒரு மீனை வெள்ளை மணல்மேல், பளீரென்ற விளக்கின் கீழ், ஓயாமல் ஓடும் டைகர் பார்ப்களோடு விட்டால் அது வேறு எப்படி நடந்துகொள்ளும்? இலை மாதிரி மறைந்து நிற்பதுதான் அதற்கு ஒரே பாதுகாப்பு. வெள்ளைத் தரையில் அந்த வேடம் எடுபடாது. ஃபில்டரின் பின்பக்கம் ஒன்றுதான் இருட்டாக இருக்கிறது, அங்கே போய் நிற்கிறது.

முதலில் டைகர் பார்ப்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்பது என் கருத்து. அவை துடுப்பைக் கடிக்கும். கடிக்காவிட்டாலும், போடுகிற தீனி கீழே இறங்குவதற்குள் முடித்துவிடும். மெதுவாக வந்து, நின்று பார்த்து, யோசித்து எடுக்கிற மீன் அந்த வேகத்தோடு ஒருநாளும் போட்டி போடாது. பார்ப்களைப் பிடிக்கும்போது தொட்டியைக் கலக்காமல், விளக்கை அணைத்துவிட்டு, முடிந்தவரை ஒரே தடவையில் வேலையை முடித்துவிடுங்கள்.

அப்புறம் விளக்கு. இரண்டு மூன்று நாளுக்குத் தொட்டி விளக்கையே போட வேண்டாம், அறை வெளிச்சம் போதும். மீனுக்கு இமை கிடையாது, கண்ணுக்குள் வரும் ஒளியைச் சட்டென்று குறைத்துக்கொள்ள அதனால் முடியாது. பிறகு நாளுக்கு 6 மணி நேரம் மங்கலாக எரிந்தால் போதும். விளக்கைப் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அறை விளக்கைப் போட்டுவிடுங்கள். அணைக்கும்போது முதலில் தொட்டி விளக்கு, பிறகு அறை விளக்கு. இருட்டிலிருந்து திடீரென்று பளீர் வெளிச்சம் வந்தால் இந்த வகை மீன் தாவிக் கண்ணாடியில் மோதும், மூடி இல்லாவிட்டால் வெளியே விழும். ஆகவே இடைவெளியில்லாத மூடி அவசியம். காற்றைக் குடிக்கும் மீன் என்பதால், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கவும் மூடி உதவும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே சில செ.மீ. இடம் மட்டும் விட்டுவையுங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கச் சிறந்த வழி மிதக்கும் செடிகள். ஆகாயத்தாமரை, சால்வீனியா இரண்டில் எது கிடைத்தாலும் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் பரவ விடுங்கள். தொங்கும் வேர்களுக்கிடையே மீன் நிற்கும், அங்கிருந்தே தீனியும் எடுக்கும். மேலே நிழல் இருந்தால் மீன் நடு நீருக்கு வரத் துணியும், ஏனென்றால் இயற்கையில் மேலிருந்து பாயும் பறவைகளாலும் அதற்கு ஆபத்து வரும்.

தொட்டியின் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் வெளியிலிருந்து கருப்புத் தாளால் மூடுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் பலன் பெரிது. நாலு பக்கமும் திறந்திருக்கும் தொட்டியில் மீனுக்கு எந்தத் திசையில் திரும்பினாலும் ஆள் நடமாட்டம் தெரியும். ஒரே ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் கவனிக்க வேண்டியது எது என்று அதற்குத் தெரிந்துவிடும். வெள்ளை மணலை இப்போதே அள்ளி எடுக்க வேண்டாம், அந்தக் கலக்கல் மேலும் பயமுறுத்தும். நாட்டு வாதுமையின் உலர்ந்த இலைகளை, பலர் பாதாம் இலை என்று சொல்வதை, மணல்மேல் பரப்பிவிடுங்கள். தரை கருக்கும், ஒளியைத் திருப்பி அடிக்காது, நீரும் தேநீர் நிறத்துக்கு வரும். இலை பழுத்துத் தானே உதிர்ந்ததாக, பூச்சிமருந்து படாததாக இருக்க வேண்டும். முதலில் நாலைந்து இலை போதும், வாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த நிறத்தை அதுவே உறிஞ்சிவிடும்.

ஒளிய இடம் கொடுத்தால் மீன் இன்னும் வெளியே வராது என்று பலர் நினைத்து, இருக்கிற மறைவிடத்தையும் எடுத்துவிடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். தொட்டியில் ஒரே ஒரு மறைவிடம் இருந்தால் மீன் அதைவிட்டு நகராது, நகர்ந்தால் அடுத்த பாதுகாப்பு எங்கே என்று அதற்குத் தெரியாது. ஒரு உடல் நீளம், இரண்டு உடல் நீளம் நீந்தினால் இன்னொரு மறைவு வந்துவிடும் என்றால் அது சாவகாசமாக உலாவும். கிளை விரிந்த மரக்கட்டை, செங்குத்தாக நிற்கும் குச்சிகள், அகன்ற இலை விரியும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எல்லாம் இதற்கு ஏற்றவை. குகையைவிடச் செங்குத்தான மறைவே இந்த மீனுக்குப் பிடிக்கும். இலை போல இருப்பதால் தண்டுகளுக்கும் வேர்களுக்கும் நடுவேதான் அது நிற்கப் பார்க்கும். முன்பக்கத்தில் மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள், அங்கேதான் பிறகு தீனி போடப் போகிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்து முடித்துவிட்டு, அதன்பின் குறைந்தது இரண்டு வாரம் தொட்டிக்குள் கை விடாதீர்கள். தினமும் ஒரு கட்டையை இடம் மாற்றி அழகு பார்த்தால் மீனுக்குத் தினமும் புது வீடு.

ஃபில்டர் வேகத்தையும் கவனியுங்கள். நீர் வாய் நேராக நடுவில் பீய்ச்சினால் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். சத்தமும் அதிர்வும் மீனின் பக்கக்கோட்டில், அதாவது அதிர்வை உணர உடலின் பக்கவாட்டில் ஓடும் உறுப்பில், நேரடியாக உறைக்கும். கதவு அடிபடும் இடம், தொலைக்காட்சி ஸ்பீக்கர் பக்கம், ஆள் ஓடும் நடைபாதை இவற்றை ஒட்டித் தொட்டி இருந்தால் பயம் தெளியக் கூடுதல் நாள் பிடிக்கும்.

நீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிஹெச் 7.6 என்று பார்த்ததும் உடனே அமிலம் ஊற்றி 6.5-க்கு இறக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். இந்த இனம் ஓடை முதல் தேங்கிய குட்டை வரை பல வகை நீரில் வாழ்வது. ஒரே நாளில் ஏறி இறங்கும் பிஹெச்சைவிட மாறாமல் நிற்கும் 7.6 எவ்வளவோ மேல். மென்மையான, அதாவது உப்பு குறைந்த, நீர் வேண்டுமானால் ஒவ்வொரு நீர் மாற்றத்திலும் சிறிது ஆர்ஓ நீர் கலந்து, சில வாரங்களில் மெதுவாக இறக்குங்கள். கடினமான நீரிலிருந்து மிக மென்மையான நீருக்குச் சட்டென்று மாற்றினால் மீனின் உடல் தன் உப்பைக் காக்கத் திணறும். மற்றபடி வாரம் ஒருமுறை 15 முதல் 20 சதவீதம், குளோரின் நீக்கி, வெப்பம் பொருத்தி, ஓசையில்லாமல் மாற்றினால் போதும்.

அமோனியா பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மீன் சாப்பிடாதபோது கழிவும் குறைவு, அதற்கேற்ப, கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் ஃபில்டர் பாக்டீரியாவின் அளவும் குறையும். பார்ப்களை வேறு வெளியே எடுக்கப் போகிறீர்கள். பிறகு மீன் சாப்பிட ஆரம்பித்த சந்தோஷத்தில் நிறையப் போட்டால் அமோனியா எட்டிப் பார்க்கும். எனவே முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

பார்ப் போனபின் தனிமை நல்லதா, துணை வேண்டுமா? முதல் சில நாள் தனியாகவே இருக்கட்டும். நிழல், மறைவு எல்லாம் வந்தபிறகும் வாரக்கணக்கில் வெளியே வரவில்லை என்றால், அமைதியான ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். மற்ற மீன்கள் திறந்த இடத்தில் பதற்றமில்லாமல் நீந்துவதைப் பார்த்தால் ஆபத்து ஏதும் இல்லை என்று கூச்ச மீன் புரிந்துகொள்ளும். ஆளில்லாத உணவகத்துக்குள் நுழையத் தயங்குகிறவர், உள்ளே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததும் தைரியமாகப் போவது போல. ஆனால் எந்த மீன் என்பது முக்கியம். இதன் வாய்க்குள் போகிற எதுவும் ஒருநாள் உள்ளே போய்விடும், ஆகவே நியான் டெட்ரா போன்ற பொடி மீன்கள் கூடாது. வளர்ந்த காங்கோ டெட்ரா சரியாக வரும். ஆனால் அது நல்ல அளவுக்கு வளரும் மீன், கூட்டமாகத்தான் வைக்க வேண்டும், அதற்கு இன்னும் பெரிய தொட்டி தேவை. புஷ்ஃபிஷுமே 15 செ.மீ. தாண்டக்கூடியது, எப்படியும் பிற்பாடு 200 லிட்டருக்கு மேல் போகத்தான் வேண்டியிருக்கும். புதிதாகச் சேர்க்கும் மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது உணவு. விளக்கையும் மறைவையும் சரிசெய்த மூன்றாம் நாள் மாலையிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த மீன் தன் வாழ்நாளில் பெல்லட்டைப் பார்த்ததில்லை. அதற்கு இரை என்றால் அசைவது, துடிப்பது. அசையாமல் மிதக்கும் பழுப்பு உருண்டை கல்லுக்குச் சமம். எனவே முதல் சில வாரத்துக்கு உயிருள்ள இரைதான். இதில் கௌரவம் பார்க்க வேண்டியதில்லை, பெல்லட்டுக்கு வர நிறைய நாள் இருக்கிறது.

என் முதல் தேர்வு கொசுப்புழு. நீர்மட்டத்தில் தொங்கி, துள்ளித் துள்ளி நீந்தும் அதன் அசைவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் மீன் குறைவு. மருந்து அடிக்காத, சாக்கடை கலக்காத மழைநீரில் வளர்ந்ததை மெல்லிய வலையில் வடித்து, நல்ல நீரில் அலசிப் போடுங்கள். தட்டான் பூச்சியின் இளம்புழு கலந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அந்த மாலையிலேயே தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள், மிச்சம் விட்டால் வீடெல்லாம் கொசு. இரண்டாவது மண்புழு. உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணிலிருந்து எடுத்து, ஈரத் துணியில் ஒருநாள் வைத்தால் வயிற்றிலிருக்கும் மண் கழியும். 7 செ.மீ. மீனுக்கு ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கிப் போடலாம், துண்டும் சிறிது நேரம் நெளியும். மக்கு உரம் தயாரிக்கப் பயன்படும் சிவப்புப் புழுவைத் தவிர்ப்பது நல்லது. அது சீண்டினால் மஞ்சளாக ஒரு நாற்றத் திரவத்தை விடும், ஒருமுறை கடித்துத் துப்பிய மீன் அடுத்த தடவை நல்ல மண்புழுவைக்கூட நம்பாது. சிறு நன்னீர் இறால்களும் சிறந்த இரை, தொட்டியிலேயே விட்டுவைத்தால் இரவில் தானே வேட்டையாடும். அப்படி வேட்டையாட ஆரம்பித்த மீனின் நடத்தையே மாறிவிடும்.

பொடி மீன்களை வாங்கி இரையாகப் போடுவதை நான் ஏற்பதில்லை. அவற்றோடு நோயும் ஒட்டுண்ணியும் உள்ளே வரும். தங்கமீன் போன்றவற்றின் உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். அதையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு அந்த வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கும். டியூபிஃபெக்ஸ் புழுவும் அழுக்கு நீரில் வளர்வது, நன்கு கழுவி வைத்திருந்தாலொழிய வேண்டாம். தீனியில் பூண்டுச்சாறு கலந்தால் பசி வரும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பயந்த மீனை அது சாப்பிட வைத்து நான் பார்த்ததில்லை, அதற்குச் செலவிடும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிதக்கும் செடி வாங்கலாம்.

போடும் விதமும் முக்கியம். தொட்டி விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, அறையின் தூரத்து மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியட்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். மெதுவாகப் போய், நாலைந்து கொசுப்புழுவை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் நகர்ந்து ஆடாமல் உட்காருங்கள், அல்லது அறையைவிட்டே போய்விடுங்கள். மீன் சாப்பிடுகிறதா என்று கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்ப்பதுதான் பலர் செய்வது. இரண்டு கண்ணும் முன்னால் பார்த்தபடி ஒரு பெரிய முகம் அசையாமல் உற்றுப் பார்த்தால், எந்த மீனுக்கும் அது வேட்டையாடும் மிருகம். காலையில் எண்ணிப் பார்த்தால் எத்தனை குறைந்தது என்று தெரிந்துவிடும். மண்புழுத் துண்டு போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இரவு முழுக்கக் கிடந்தால் நீர் கெடும்.

ஒருநாள் சாப்பிடவில்லை என்றால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள், இன்னொரு உணவுக்கும் தாவாதீர்கள். அதையே அதே நேரத்தில் மறுபடி வையுங்கள். இரையை முதலில் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும், பிறகு வாயில் வாங்கித் துப்பும், பிறகு விழுங்கும். இந்த ஒவ்வொரு படியும் முன்னேற்றம்தான். உங்கள் மீன் ரத்தப்புழுவை வாயில் வாங்கித் துப்பியது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. இரைமேல் அதற்கு ஆர்வமே இல்லை என்றால் வாயைத் திறந்திருக்காது.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்? நாளை எண்ணுவதைவிட உடலைப் பாருங்கள். நல்ல சதையோடு வந்த இந்த அளவு மீன் இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு உள்ளே குழிந்திருந்தால், தலைக்குப் பின்னால் முதுகு கத்திபோல் மெலிந்திருந்தால், தலை உடலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அதன் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டால் கண்ணுக்குப் பழகிப்போன மெலிவும் புலப்படும். பசி வரட்டும் என்று வெப்பத்தை 29, 30-க்கு ஏற்றாதீர்கள். சாப்பிடாத மீனுக்கு வெப்பம் கூடினால் உடல் இன்னும் வேகமாகக் கரையும். 25, 26 போதும்.

மருந்து எப்போது என்று கேட்டால், அறிகுறி தெரிந்தால் மட்டும். சாப்பிடவும் மாட்டாமல், வெள்ளை நூல் போல மலம் தொங்கினால் குடலில் கசையிழை உயிரிகள் இருக்கலாம், மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள். ஆனால் பட்டினி கிடக்கும் மீனுக்கும் வெறும் சளி அப்படி வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மலத்துளையில் சிவப்பு நூல்கள் எட்டிப் பார்த்தால் அது கமலானஸ் புழு, சந்தேகமே வேண்டாம். அதற்கு லெவாமிசோல் லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், வெளிச்சமில்லாமல். மறுநாள் தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்து நீர் மாற்றி, இரண்டு மூன்று வாரத்தில் திரும்பச் செய்ய வேண்டும். உடலைக் கல்லில் உரசி, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினால் செவுள் புழுவாக இருக்கலாம், அதற்குப் பிராசிகுவாண்டல். மீன் நன்கு சாப்பிட்டு ஒரு மாதம் ஆனபின் குடற்புழு மருந்து ஒருமுறை கொடுப்பது நல்ல வழக்கம், இயற்கையில் பிடித்த மீனின் குடலில் புழு இல்லாமலிருப்பது அரிது. ஆனால் இன்றைய நிலையில் எதையும் ஊற்ற வேண்டாம். பக்கத்தில் மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் இருந்தால் மலத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், ஊகிப்பதைவிட அது நல்லது.

எப்போதாவது இந்த மீனைப் பிடிக்க வேண்டி வந்தால் வலை போடாதீர்கள். செவுள் மூடியின் ஓரத்தில் கூரிய முட்கள் இருக்கின்றன, வலையில் சிக்கினால் பிரித்தெடுப்பதற்குள் மீன் கிழிந்துபோகும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து வைத்து, அதற்குள் மெல்ல ஓட்டி, நீரோடு தூக்குங்கள்.

உயிருள்ள இரையைத் தயங்காமல் எடுக்க ஆரம்பித்து மூன்று நாலு வாரம் போகட்டும், வயிறு லேசாகப் புடைத்திருக்கட்டும். அதற்குப் பிறகுதான் உறைந்த உணவு. முதலில் நாலு கொசுப்புழுவோடு ஒரு உறைந்த ரத்தப்புழுவை உருக்கிச் சேர்த்துப் போடுங்கள். நீளமான பிப்பெட்டில் எடுத்து, ஃபில்டர் நீர் மெல்ல ஓடும் இடத்தில் விட்டால் செத்த புழுவும் அசையும், மீன் வித்தியாசம் பார்க்காமல் எடுத்துவிடும். வாரத்துக்கு வாரம் உறைந்ததைக் கூட்டி, உயிருள்ளதைக் குறையுங்கள். அடுத்து நறுக்கிய இறால், மைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிரி. நீண்ட இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டினால் கையிலிருந்தே வாங்கப் பழகும். கடைசியாகப் பெல்லட். மிதக்கும் வகையைவிட மெதுவாக மூழ்கும் மென்மையான வகை, ரத்தப்புழு உருகிய நீரில் சில நிமிடம் ஊறவைத்து, இறால் துண்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு. சில மீன்கள் ஒரு மாதத்தில் பெல்லட்டுக்கு வந்துவிடும், சில கடைசிவரை வராது. வராவிட்டாலும் பரவாயில்லை. மண்புழு, இறால், ரத்தப்புழு, மைசிஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் பெல்லட் இல்லாமலே பல வருடம் நன்றாக வாழும்.

நெடுநாள் பட்டினிக்குப் பின் சாப்பிடும் மீனுக்கு முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுங்கள், ஒரே நாளில் வயிறு வெடிக்கத் தின்ன விடாதீர்கள். வளரும் பருவத்தில் நாளுக்கு ஒருமுறை, 10 செ.மீ. தாண்டியபின் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பகலில் தொட்டியைக் கடக்கும்போது அது வேர்களுக்குள் ஓடாமல் நின்ற இடத்திலேயே உங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும், தீனி நேரத்தைத் தினம் பத்து நிமிடம் முன்னால் நகர்த்தி, விளக்கு எரியும்போதே சாப்பிடப் பழக்கலாம்.